கழுத்தை மட்டும் பிடித்தவர்

"ஹலோ! யாரா இருந்தாலும் சரி, வாயைத் தொறக்கறதுக்கு முன்னாடி ஒரு முக்கியமான அறிவிப்பு. இன்னிக்கு சனிக்கிழமை, காலைல பத்து மணி பன்னெண்டு நிமிஷத்துக்கு, இந்தக் கார் ஷெட்டுல, மனுஷன் கையால பிடிச்ச தோட்டா உறைகள்லயே ரொம்பத் துல்லியமான உறை ஒண்ணு பிரஸ்ஸை விட்டு வெளிய வந்திருக்கு. கழுத்தை மட்டுந்தான் பிடிச்சிருக்கேன். தோளைத் தொடல. உடம்பைத் தொடல. ஒரு அங்குலத்தை ஆயிரமாக் கூறு போட்டா, அதுல ஒரு கூறுகூட ஏறல, எறங்கல. வரலாறு இதைக் குறிச்சுக்கட்டும். ம்... இப்ப சொல்லுங்க, யாரு பேசறது?"

வரலாற்றுக்கு அன்று வேறு வேலை இருந்தது போலும், குறித்துக்கொள்ளவில்லை. அதன் சார்பில் லைல் டோர்கல்சனே ஒரு நீல நோட்டில் குறித்துக்கொண்டார். மொன்டானா மாநிலத்தில் ஒரு மூலை மாவட்டத்தின் களை ஒழிப்பு அலுவலர் அவர். வயது ஐம்பத்தெட்டு. வாரத்தில் ஐந்து நாள் சாலையோர முட்செடிகளுக்கு மருந்தடிப்பார். மீதி இரண்டு நாளும், சுட்டு முடித்த ரைஃபிள் தோட்டாக்களின் பித்தளை உறைகளைப் பொறுக்கி வந்து, கழுவி, அளவுக்குப் பிடித்து, வெடிமருந்தும் குண்டும் வைத்து மறுபடி தோட்டாவாக்குவார். அந்த ஊரில் பாதிப் பேர் செய்கிற காரியம்தான். மற்றவர்களுக்கு அது பொழுதுபோக்கு. லைலுக்கு அது திருப்பணி.

"யாரு?... டெல்பர்ட்டா? ஏன்டா மச்சான் இப்படிக் கிசுகிசுக்கறே? தொண்டை கட்டிக்கிச்சா? உங்க அக்கா அப்பவே சொன்னா, அந்தப் பூசணிப் பலகாரத்து மேல அவ்வளவு ஐஸ்கிரீம் வேண்டாம்னு... என்னது?... சத்தமாப் பேச முடியாதா? எங்கே இருக்கே?... முள்ளம்பன்றி ஓடைக்கு மேலயா?... பனியில குப்புறப் படுத்திருக்கியா? சரி, படு. வேட்டைன்னா படுக்கத்தான் வேணும்... என்ன?... மறுபடி சொல்லு!"

லைலின் கையிலிருந்த வெர்னியர் அளவுகோல் சிமென்டுத் தரையில் விழுந்தது. சாதாரணமாக அது விழுந்தால் அவர் அன்றைக்கு வீட்டில் யாருடனும் பேச மாட்டார்.

"மூஸா?... ஆண் மூஸா!... குதிரை உசரம் இருக்கா?... கொம்பு?... கதவு அகலமா! அடேய், அடேய்... எவ்வளவு தூரம்?... இருநூறு கஜம். காத்து உன் மூஞ்சில அடிக்குதா, முதுகுலயா?... மூஞ்சிலயா, அப்ப நல்லது, அதுக்கு உன் வாடை போகாது... ஆமா, ஆமா. மச்சான், இருபத்திரண்டு வருஷம்டா! இருபத்திரண்டு வருஷமா மூஸ் வேட்டை லைசென்ஸ் குலுக்கல்ல பேரைப் போட்டு, இந்த வருஷந்தான் உனக்குச் சீட்டு விழுந்துச்சு. நாளை சாயங்காலத்தோட கெடு முடியுது. இதை விட்டே, அடுத்த தடவை உன் பேரு வர்றப்போ உனக்குப் பல்லு இருக்காது. சுடுடா! எனக்கு எதுக்குடா போன் பண்ணிக்கிட்டு இருக்கே, சுடு!"

"..."

"மூடலையா? எது மூடல?... போல்ட்டா?"

போல்ட் என்பது ரைஃபிளின் கதவு. தோட்டாவைக் குழலின் அடியிலுள்ள அறைக்குள் தள்ளி, கதவைச் சாத்தி, கைப்பிடியைக் கீழே இறக்கித் தாழ் போட்டால்தான் சுட முடியும். டெல்பர்ட்டின் ரைஃபிளில் கைப்பிடி இறங்க மறுத்தது. எதிரே, ஓடைக்கரை வில்லோப் புதர்களுக்கு நடுவில், இருபத்திரண்டு வருடத்துக் கனவு, மூஸ் என்கிற அந்த ராட்சத மான், நின்று கிளைகளைக் கடித்துக்கொண்டிருந்தது.

"பனி உள்ள போயிருக்கும். ஊது... ஊதிட்டியா? அப்பக் கையுறை மாட்டியிருக்கும்... கழட்டிட்டியா? சரி, அப்ப ரைஃபிள்தான். நான் அன்னிக்கே சொன்னேன். டிராக்டர் சாமான் விக்கிற கடையில எவனாவது ரைஃபிள் வாங்குவானா? கலப்பைக்குப் பக்கத்துல சாத்தி வச்சிருந்தான், நீயும் தூக்கிட்டு வந்துட்டே... என்ன? போன வாரம் நல்லாத்தான் இருந்துச்சா? எதைப் போட்டுச் சுட்டே?... கடைத் தோட்டாவா? ஓஹோ. கடைத் தோட்டா. அது எந்த ரைஃபிள்லயும் போகும்டா. வெக்கம் மானம் பார்க்காது, எந்த வீட்டுக் கதவு தொறந்திருந்தாலும் நுழைஞ்சிடும்... இல்ல. இல்ல, மச்சான். என் தோட்டாவுல தப்பு இருக்காது. எப்படிச் சொல்றேன்னா? ஏன்னா அது என் தோட்டா."

வியாழக்கிழமை, நன்றித் திருநாள் வான்கோழி விருந்தில் நடந்த கதை இது. டெல்பர்ட் தன் வேட்டைக்கென்று ஒரு பெட்டி கடைத் தோட்டா வாங்கி வந்து, பெருமையாக மேசையில் வைத்துவிட்டான். ஐம்பது வயது ஆனாலும் அக்கா புருஷனுக்கு அவன் சின்னப் பையன்தான். லைல் எழுந்து நின்றார். கரண்டியால் கோப்பையைத் தட்டினார். இந்தக் குடும்பத்தில் ஒருவன் கடைத் தோட்டாவால் மூஸைச் சுட்டான் என்ற பழி தன் காலத்தில் வரக்கூடாது என்றார். அந்தப் பெட்டியைப் பிடுங்கிக்கொண்டு, தன் கையால் செய்த இருபது தோட்டாக்கள் அடங்கிய பச்சைப் பெட்டி ஒன்றை வழங்கினார். விருந்தினர்கள் முள்கரண்டியைக் கீழே வைத்துவிட்டுக் கைதட்ட வேண்டியதாயிற்று. ஒருதடவை ரைஃபிளில் போட்டுப் பார்த்துக்கொள்ளட்டுமா என்று டெல்பர்ட் கேட்டான். லைல் பார்த்த பார்வையில், அவன் அதை மறுபடி கேட்கவில்லை.

இன்னொன்றும் தெரிந்திருக்க வேண்டும். தோட்டா வெடிக்கும்போது அதன் பித்தளை உறை உப்பி, அந்த ரைஃபிளின் அறை எந்த அளவோ அந்த அளவைப் பிடித்துவிடும், செருப்பு காலைப் பிடிப்பதுபோல. மறுபடி பயன்படுத்த அதை அச்சில் விட்டு அழுத்திச் சிறிதாக்க வேண்டும். இதில் இரண்டு மதங்கள். உறை முழுவதையும் அழுத்திப் பிறந்த அளவுக்கே கொண்டுவருவது முழுப்பிடி. அது எவன் ரைஃபிளிலும் போகும். குண்டைக் கவ்வுகிற கழுத்தை மட்டும் இறுக்கிவிட்டு, அதற்குக் கீழே சரியும் தோளையும் உடம்பையும் உப்பினபடியே விடுவது கழுத்துப்பிடி. சுட்ட ரைஃபிளுக்கு மட்டும் அது அளவெடுத்துத் தைத்த சட்டை. லைல் கழுத்துப்பிடிக்காரர். ஊர்த் துப்பாக்கிக் கழகத்தின் மாத இதழில், பதினோரு பேர் வாங்கி நாலு பேர் படிக்கிற அந்த இதழில், 'முழுப்பிடி: ஒரு நாகரிகத்தின் வீழ்ச்சி' என்று நாலு பாகம் எழுதியவர். அதற்கு மறுப்பு எழுதியது ஓப்பல் ஜெஸ்ஸப் என்ற எழுபது வயது அம்மாள், பள்ளிப் பேருந்து ஓட்டி ஓய்வு பெற்றவர். மறுப்பு ஒரே வரி: 'முழுசாகப் பிடித்து, தோளை ஒரு மயிரிழை பின்னால் தள்ளினால் போதும், லைல்.' கழகத்தின் சுழற்கோப்பை ஆறு வருடமாகச் சுழலாமல் அந்த அம்மாள் வீட்டில்தான் இருக்கிறது.

"மச்சான், பதறாதே. நான் கேக்கறதுக்குப் பதில் சொல்லு. மூஸ் இப்ப என்ன பண்ணுது?... படுத்துக்கிச்சா?... அசை போடுதா? பார்த்தியா, அதுக்கே அவசரம் இல்ல, நமக்கென்ன அவசரம். வா, அடிப்படையிலேர்ந்து வருவோம். உறைங்கறது என்ன?... இல்ல, நீ கேளு. கேட்டாத்தான் புரியும். உறைங்கறது வெறும் பித்தளைன்னு நீ நெனைக்கறே... நெனைக்கலையா? குளிருதா? பனின்னா குளிரத்தான் செய்யும். கேளு. இந்த முழுப்பிடிக்காரன் இருக்கானே, அவன் என்ன பண்றான்? பாவம் அந்தப் பித்தளை. ஒரு ரைஃபிளோட அறையைப் பார்த்து, அதோட பழகி, இதுதான் நம்ம வீடுன்னு நிம்மதியா உக்காந்திருக்கு. அதை இவன் கழுத்தைப் பிடிச்சு, தோளைப் பிடிச்சு, இடுப்பைப் பிடிச்சு நசுக்கி, நீ யாரு எந்த ஊருன்னே தெரியாத மாதிரி ஆக்கிடறான். கழுத்துப்பிடி அப்படி இல்ல, மச்சான். கழுத்துப்பிடி பிடிச்ச உறைக்கு விசுவாசம் உண்டு. எந்த அறையில வெடிச்சுச்சோ, அந்த அறைக்கு மட்டுந்தான் அது போகும். வேற அறைக்குள்ள வச்சு நீ எவ்வளவு தள்ளினாலும் அது உள்ள... உள்ள வந்து... போ..."

லைல் ஒரு வாக்கியத்தை முடிக்காமல் விட்டது அவர் கல்யாணத்துக்குப் பிறகு அதுவே முதல் தடவை.

நீல நோட்டை இழுத்துப் புரட்டினார். 'பச்சைப் பெட்டி. மச்சானுக்கு. இருபது.' அதற்குக் கீழே அவருடைய அழகான சாய்வெழுத்தில்: 'உறைகள் என் ரைஃபிளில் மூன்று முறை சுட்டவை. கழுத்துப்பிடி மட்டும்.' 'மட்டும்' என்ற சொல்லுக்கு அடியில் இரண்டு கோடு வேறு. தன் உடம்புக்கு அளவெடுத்துத் தைத்த சட்டையை, கூட்டத்தைக் கூட்டிக் கைதட்ட வைத்து, மச்சானுக்குப் போர்த்திவிட்டு வந்திருக்கிறார்.

"ஹலோ... இருக்கேன், இருக்கேன். ஒண்ணும் இல்ல, தும்மல் வந்துச்சு... கேக்கலையா? வந்து நின்னுடுச்சு... ஆமா... ஆமா, நோட்டுதான், நோட்டைத்தான் பொரட்டறேன்... அதுல என்ன எழுதியிருக்கா? நல்லவிதமாத்தான் எழுதியிருக்கு... மச்சான், காரணம் கெடைச்சிடுச்சு. உன் ரைஃபிளோட அறை சின்னது... எதைவிடச் சின்னதுன்னா? பொதுவாவே சின்னது. உலகத்துல இருக்கற பெரிய அறைகளைவிடச் சின்னது. தயாரிப்புக் கோளாறு. திங்கக்கிழமை கம்பெனிக்கு நான் காட்டமா ஒரு கடுதாசி போடறேன்... இப்ப மூஸுக்கு என்ன பண்றதா? அதான் யோசிக்கறேன்... என்னடா சத்தம் அது?... டேய்! கல்லால தட்டறியா? தட்டாதே! தட்டவே தட்டாதே! மூட மாட்டேங்கறதைத் தட்டி மூடக்கூடாது, தோட்டா உள்ள இறுகிக்கிட்டா ரைஃபிள் வெறும் கம்புதான்... மெதுவாப் பின்னால இழு... வந்துச்சா?... அப்பாடா. மூஸ் பார்த்துச்சா?... அசையே நிக்கலையா? நல்ல மூஸ்."

நெற்றியைத் துடைத்தார். ஷெட்டுக்குள் தண்ணீர் வாளி உறைந்து கிடந்தது, அவருக்கு வேர்த்தது.

"உன் பெட்டியா? எந்தப் பெட்டி?... ஓ, அந்தக் கடைப் பெட்டி."

அது அவர் கண்ணுக்கு நேரே அலமாரியில் இருந்தது.

"இருக்குடா. பத்திரமா இருக்கு. முத்திரைகூடப் பிரிக்கல... இல்லடா, அறுபது மைலு. ரோடு பூரா கண்ணாடி மாதிரி ஐஸ். நான் வந்து சேர்றதுக்குள்ள மூஸுக்குப் பேரன் பொறந்துடும்... நான் வேணும்னா பிடுங்கினேன்?... சரி, பிடுங்கினேன். சபையில வச்சுப் பிடுங்கினேன். ஆமா... ஆமா, பிரசங்கமும் பண்ணினேன். ஆமா, உங்க அக்கா மேசைக்கு அடியில என் காலை மிதிச்சா. ரெண்டு தடவை மிதிச்சா, போதுமா? அதையெல்லாம் கணக்கெடுக்கற நேரமா இது?... யாருக்கு? யாருக்குப் போன் பண்ணப்போறே?"

லைல் ஸ்டூலை விட்டு எழுந்தே விட்டார்.

"ஓப்பலுக்கா! வேண்டாம்... அவ வீடு ஓடைப் பாலத்துலேர்ந்து நாலு மைலுதான், எனக்குத் தெரியாதா? அவ தோட்டா எதுல வேணும்னாலும் போகும், அதுவும் எனக்குத் தெரியும்! அதானே பிரச்சனை! டெல்பர்ட், நான் சொல்றதைக் கேளு. அந்தம்மா கொண்டுவந்து குடுக்கும். சிரிக்கக்கூடச் சிரிக்காது. 'எடுத்துக்கப்பா' அப்படின்னு மட்டும் சொல்லும். அதைத்தான் என்னால தாங்க முடியாது... அடுத்த மாசக் கூட்டத்துல நான் எப்படிப் போய் உக்காருவேன்? நான் அங்க செயலாளர்டா!... மூஸா, மானமா? இரு, இரு, ரெண்டையும் காப்பாத்தலாம். வைக்காதே, போனை வைக்காதே. இந்தாம்மா, என்ன வேணும் உனக்கு?"

கடைசி வாக்கியம் டெல்பர்ட்டுக்கு அல்ல. ஷெட் வாசலில் அவர் மனைவி மார்வா நின்றிருந்தாள், ஒரு கையில் காப்பி, இன்னொரு கையில் வெண்ணெயும் சர்க்கரையும் தடவிச் சுருட்டிய உருளைக்கிழங்கு ரொட்டித் தட்டு.

"ஒண்ணும் இல்ல மார்வா, உன் தம்பிதான்... சும்மா, நலம் விசாரிச்சான்... மலையிலேர்ந்துதான் விசாரிக்கறான், மலையிலேர்ந்து விசாரிக்கக் கூடாதா?... என் மூஞ்சிக்கு என்ன? எப்பவும் இதான் மூஞ்சி... ஸ்பீக்கரா? இந்தப் போன்ல ஸ்பீக்கர் வேலை செய்யாது."

வேலை செய்யும் என்பதை மார்வா ஒரே விரலால் நிரூபித்தாள். பிறகு கவிழ்த்துப் போட்ட வாளி ஒன்றின் மேல் உட்கார்ந்துகொண்டாள். தட்டை மடியில் வைத்துக்கொண்டாள், நீட்டவில்லை. காற்றின் ஓசையும், தன் தம்பியின் பல் கிட்டிப்போன முணுமுணுப்பும் கேட்கக் கேட்க அவள் புருவம் ஒவ்வொரு படியாக மேலே போயிற்று.

"மச்சான், ஒரு வழி இருக்கு. இருபது தோட்டா இருக்கு இல்ல? ஒண்ணொண்ணா வச்சுப் பாரு. இருபதுல ஒண்ணுக்காவது இரக்கம் இருக்காதா? திணிக்காதே, தட்டாதே. தானாப் போனாப் போகட்டும்... ஒண்ணும் ரெண்டும் ஏற்கெனவே பார்த்தாச்சா, சரி. மூணு?... இல்ல. வலது பக்கமா எடுத்து வை. கலக்கிடாதே, நம்பர் போட்டிருக்கேன்... நாலு?... அஞ்சு?... பாதி இறங்குதா? பாதி ஆகாதுடா. ஆறு?... மார்வா, அந்தத் தட்டை... சரி, வேண்டாம், நீயே வச்சுக்கோ... ஏழு?... அதுவுமா? அது ரொம்ப நல்ல தோட்டா... எட்டு?... ஒம்போது?... ம்... ம்... ம்..."

பரீட்சை முடிவு கேட்கிற தகப்பன்போல லைல் கேட்டுக்கொண்டிருந்தார். ஒவ்வொரு 'ம்'முக்கும் அவருடைய நாலு பாகக் கட்டுரையிலிருந்து ஒரு பத்தி உதிர்ந்துகொண்டிருந்தது. பதினான்கோடு முன்னுரையும் போயிற்று.

"பதினஞ்சு?... பதினாறு?... விரல் மரத்துப்போச்சா? அக்குள்ல வச்சுக்கோ கொஞ்ச நேரம்... மூஸ் இருக்கா?... இன்னும் படுத்திருக்கா? அதுக்கு என்ன புண்ணியமோ. சரி, பதினேழு?... என்ன?... இறங்கிடுச்சா? முழுசாவா?... எண்ணெய் போட்ட தாழ்ப்பாள் மாதிரியா!"

லைல் மேசையைக் குத்தினார். வெடிமருந்துத் தராசின் முள் ஆடியது.

"பார்த்தியா! பார்த்தியா மச்சான்! சொன்னேனா இல்லையா! மார்வா, கேட்டியா, இறங்கிடுச்சு! கழுத்துப்பிடிடா! கழுத்துப்பிடி என்னிக்கும் கைவிடாது! இந்த ஒண்ணு போதும்டா. ஒரு மூஸுக்கு ஒரு தோட்டா, அதான்டா வேட்டைக்காரனுக்கு அழகு! இருக்கற எல்லாத்தையும் படபடன்னு சுடறவன் வேட்டைக்காரனா?... என்ன?... அடையாளமா? என்ன அடையாளம்?... உறையோட அடியில... சிவப்பு மைப்பொட்டா."

அவர் மெதுவாக ஸ்டூலில் உட்கார்ந்தார்.

பச்சைப் பெட்டிக்கு இருபது உறை தேவைப்பட்டபோது அவரிடம் பத்தொன்பதுதான் இருந்தது. ஒன்று புல்லில் விழுந்து காணாமல் போயிருந்தது. பெட்டியில் ஒரு குழி காலியாக இருப்பதற்கு அவர் மனசு ஒப்பவில்லை. கழக மைதானத்தில் கீழே கிடந்த ஒன்றை, யாரும் பார்க்காதபோது பூட்ஸ் கயிற்றைக் கட்டுவதுபோலக் குனிந்து எடுத்துவந்தார். அடியில் சிவப்பு மைப்பொட்டு இருந்தது. ஓப்பல் ஜெஸ்ஸப் தன் உறைகளுக்கு வைக்கிற பொட்டு. அடுத்தவர் ரைஃபிளில் சுட்ட உறையை முழுப்பிடி பிடிக்காமல் சேர்க்கக்கூடாது என்பது எந்தக் கத்துக்குட்டிக்கும் தெரியும், லைலுக்கும் தெரியும். ஆகவே ஷெட் கதவைச் சாத்திக்கொண்டு முழுப்பிடி பிடித்தார். அந்த ஒரு உறைக்குத் தோன்றிய புத்தி மற்ற பத்தொன்பதுக்கும் தோன்றியிருந்தால் மூஸ் இந்நேரம் தோலுரிபட்டுக்கொண்டிருக்கும்.

"ஹலோ... ம்... கேக்குது. மச்சான், அதை மட்டும் வெளிய எடுத்துடு... ஏன்னா, எடுத்துடு, அவ்வளவுதான். மிச்சம் மூணு இருக்கு இல்ல, அதைப் பாரு... பார்த்துட்டியா? மூணும் போகலையா?... ஆபத்தா? சேச்சே, ஆபத்தெல்லாம் ஒண்ணும் இல்ல... ஆபத்து இல்லைன்னா ஏன் சுடக்கூடாதுன்னா... எப்படிச் சொல்றது... அது நம்ம வகையறா இல்லடா... கொள்கைன்னு ஒண்ணு இருக்கு இல்ல, மச்சான்."

டெல்பர்ட் முட்டாள் அல்ல. பத்தொன்பது போகாமல் ஒன்று மட்டும் ஏன் போகிறது என்று தெரியாமல், தன் கன்னத்துக்கு நாலு விரல் தூரத்தில் அதை வெடிக்கவைக்க அவன் தயாராக இல்லை.

"சொல்லலைன்னா சுட மாட்டியா? என்னடா இது, என்னையே மிரட்டறே?... நான்தான் சொல்றேனே ஆபத்து இல்லைன்னு, என் வார்த்தை போதாதா?... வியாழக்கிழமையும் அதேதான் சொன்னேனா?... ஆமா, சொன்னேன்... என்ன?... எந்திரிக்குதா? எந்திரிச்சுடுச்சா?... எந்தப் பக்கம் திரும்புது?... மரத்துப் பக்கமா? டேய், மரத்துக்குள்ள போயிடுச்சுன்னா அவ்வளவுதான்! சுடுடா!... சொல்ல முடியாதுடா! அது எனக்கும் கடவுளுக்கும் நடுவுல இருக்கற விஷயம்!... எத்தனை எட்டு வச்சிடுச்சு?... இன்னும் எத்தனை எட்டு இருக்கு?..."

மார்வா தட்டிலிருந்து ஒரு ரொட்டிச் சுருளை எடுத்து நிதானமாகக் கடித்தாள். கணவனைப் பார்த்தபடி மென்றாள்.

"சரி! சொல்றேன்! அது வந்து... அதை மட்டும் நான்... பிடி... முழு..."

"..."

"காத்துல கேக்கலையா? முழுப்பிடின்னேன்!... முழுப்பிடி! முழுப்பிடிடா! போதுமா? அது ஓப்பல் ஜெஸ்ஸப்போட உறை! மைதானத்துல கெடந்துச்சு, பொறுக்கிட்டு வந்தேன்! முழுப்பிடி அச்சு எங்கிட்ட இருக்கு. எட்டு வருஷமா இருக்கு. களைக்கொல்லி டப்பாவுக்குப் பின்னாடி, சாக்ஸுக்குள்ள சுத்தி வச்சிருக்கேன்! அதுல விட்டு முழுசாப் பிடிச்சேன், தோளை ஒரு மயிரிழை தள்ளினேன், அந்தம்மா சொன்ன மாதிரியே தள்ளினேன், அதனாலதான் உன் ரைஃபிள்ல போகுது! மத்த பத்தொன்பதும் என் ரைஃபிளுக்குன்னு இருக்கறது. அது உன்னோடதுல ஏழு ஜன்மத்துக்கும் போகாது. உன் ரைஃபிள் மேல தப்பு இல்ல. டிராக்டர் கடை மேல தப்பு இல்ல. என் தப்பு! என்... தப்பு! இப்பவாவது சுடுடா, பாவி!"

மார்வா மெல்லுவதை நிறுத்தியிருந்தாள். முப்பத்தொரு வருடத் தாம்பத்தியத்தில் அந்த இரண்டு சொற்களையும் சேர்த்து அவர் வாயிலிருந்து அவள் கேட்டதில்லை. எட்டி, தட்டை அவர் பக்கம் நீட்டினாள். லைல் கண்களைத் துடைத்துக்கொண்டு ஒரு சுருளை எடுத்தார்.

ஸ்பீக்கர் அதிர்ந்தது. வெடிச்சத்தம் மலைக்கு மலை மோதி, வெகுநேரம் உருண்டு ஓய்ந்தது.

"மச்சான்?... ஹலோ?... விழுந்துச்சா?... மூச்சு வாங்காம சொல்லு, விழுந்துச்சா?... எங்க பட்டுச்சு?... மேலயா? எவ்வளவு மேல? முதுகுக்கு மேலயா?... அதுக்கும் மேலயா?... கிளையா? எந்தக் கிளை?... மரத்தோட உச்சிக் கிளை முறிஞ்சு விழுந்துச்சா... மூஸ்?... ஓடிடுச்சா?... ஓடக்கூட இல்லையா? நடந்துதான் போச்சா?... திரும்பிப் பார்த்துட்டுப் போச்சா..."

லைல் கையிலிருந்த ரொட்டியை மேசையில் வைத்தார். பிறகு அவர் முகத்தில், கிழக்கு மலையில் வெயில் ஏறுவதுபோல, கொஞ்சம் கொஞ்சமாக ஒரு வெளிச்சம் ஏறியது. முதுகு நிமிர்ந்தது. நீல நோட்டு திறந்தது. பேனா மூடி கழன்றது.

"பார்த்தியா, மச்சான்? பார்த்தியா! முழுப்பிடி! நான் எழுதினேனா இல்லையா, மூணாம் பாகம், ரெண்டாம் பத்தி! முழுப்பிடி பிடிச்ச உறை அறைக்குள்ள தளரும், தளர்ந்தா ஆடும், ஆடினா குண்டு விலகும்! இன்னிக்கு நிரூபணமாயிடுச்சுடா! உன் மூஸ் போனது வீண் இல்ல, டெல்பர்ட். விஞ்ஞானத்துக்குப் போயிருக்கு! அந்த உறையைத் தொடைச்சுப் பத்திரமா எடுத்துட்டு வா, நான் அளந்து பார்த்து... எவ்வளவு விலகும்னா? அங்குலத்துல ஆயிரத்துல ஒரு மூணு நாலு... ஹலோ?... அஞ்சாம் பாகத்துல உன் பேரையும் போடறேன்டா! ஹலோ?... மார்வா, லைனைக் கட் பண்ணிட்டான் உன் தம்பி... நீ எங்க போறே?... ஹலோ?"

டெல்பர்ட் சுடும்போது இரண்டு கண்ணையும் மூடிக்கொள்வான்.